கல்லூரி வானொலியை மாணவர்கள் மறுபடி தொடங்குகிறார்கள்: டர்பன் பழைய மாணவர்களே, ஒரு கை கொடுங்கள்

கடற்காற்று

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நம்ம கல்லூரி வானொலி அறைக்குள்ள போனேன். 1998-ல சாவியைக் கொடுத்துட்டு வெளியே வந்தவ, இப்பத்தான் மறுபடி அந்த வாசப்படியை மிதிச்சேன்.

கூப்பிட்டது மாணவர்கள். என் அக்கா மகளோட தோழி ஒருத்தி அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கிறா. ஏதோ விழாவுக்கு நாற்காலி தேடிப் போன இடத்துல பூட்டிக் கிடந்த அறையைத் திறந்திருக்காங்க. உள்ளே கண்ணாடித் தடுப்பு, அதுக்குப் பின்னாடி மிக்ஸர், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. போட்டோ எடுத்து அனுப்பி, "ஆன்ட்டி, நம்ம காலேஜ்ல வானொலி இருந்துச்சா?"ன்னு கேட்டா. அந்தக் கேள்வி என்னை ரெண்டு நாள் தூங்க விடலை.

சுவர்ல ஒட்டியிருந்த பஞ்சு கை வெச்சா மாவா உதிருது. மிக்ஸர்ல, சத்தத்தை ஏத்தி இறக்குற ஒவ்வொரு ஃபேடருக்குக் கீழேயும் வெள்ளை டேப் ஒட்டி நான் எழுதினது அப்படியே இருக்கு: மைக் 1, மைக் 2, கேசட் இடது, கேசட் வலது, தொலைபேசி. ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் தமிழ் நேரம் நடத்தினோமே, அந்த மேசைதான். மூலையில டிரான்ஸ்மிட்டர் தூசி மூடி நிக்குது. அலமாரிக்குக் கீழே மூணு பெட்டி நிறையக் கேசட். 2022 ஏப்ரல் வெள்ளத்துல அந்தத் தரைத்தளத்துக்குள்ள தண்ணி வந்திருக்கு. அடிப்பெட்டி நனைஞ்சு காய்ஞ்சதுல சில கேசட்ல வெள்ளையாப் பூஞ்சணம் தெரியுது.

ஏழு மாணவர்கள் இதை மறுபடி நடத்தணும்னு நிக்கிறாங்க. கல்லூரி நிர்வாகம் அறையைத் தரும், மின்சாரம் தரும், வேற ஒண்ணும் தராது. எஃப்.எம்.மா இணையமா? கேசட்டை எப்படிக் காப்பாத்துறது? யார் யார் வர்றீங்க? சொல்லுங்க.

ஈயப்பற்று

முதல்ல ஒண்ணு. அந்த டிரான்ஸ்மிட்டரை யாரும் ஆன் பண்ணாதீங்க. இப்பவே அந்தப் பிள்ளைகளுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க அக்கா.

கூரை மேல ஆன்டெனா இருக்கான்னே தெரியாது. இருந்தாலும் கடலுக்குப் பக்கத்து ஊர். கேபிளோட இணைப்பு உப்புக்காத்துல பச்சை பூத்திருக்கும், கேபிளுக்குள்ள தண்ணி இறங்கியிருக்கும். ஆன்டெனா சரியா இல்லாம டிரான்ஸ்மிட்டரை ஓட்டினா, வெளியே போக வேண்டிய சக்தி திரும்பி வந்து கடைசி நிலை டிரான்சிஸ்டரை எரிச்சுடும். சோதிக்கணும்னா ஆன்டெனா இருக்கிற இடத்துல 50 ஓம் டம்மி லோடு, அதாவது சக்தியை வெளியே விடாம வாங்கிக்கிற போலிச் சுமை, மாட்டித்தான் சோதிக்கணும். என்கிட்ட ஒண்ணு இருக்கு, கொண்டு வரேன். அதை விடப் பெருசு, உரிமம் இல்லாம அலைவரிசையில ஒரு நிமிஷம் பேசினாலும் குற்றம்.

மிக்ஸரும் மைக்கும் வேற விஷயம். ஃபேடர்ல கரகரன்னு சத்தம் வந்தா மேலோட்டமா எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீங்க, தூசி உள்ளே போய்ச் சேறாகிடும். கழட்டித்தான் துடைக்கணும். இந்த வாரக் கடைசியில எனக்கு ஓய்வு.

மூன்றாமாண்டு

ஈயப்பற்று அண்ணா, நன்றி. டிரான்ஸ்மிட்டரைத் தொடலை. மிக்ஸரை மட்டும் ஆன் பண்ணிட்டோம், மன்னிச்சுக்கோங்க. ஹெட்போன்ல ஹம்முனு ஒரு சத்தம் நிக்காம வருது. ஆனா மைக் 2 வேலை செய்யுது! ஒருத்தர் மாத்தி ஒருத்தர் "ஹலோ"ன்னு சொல்லிப் பார்த்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க கை தட்டினாங்க.

எங்கள்ல தமிழ்க் குடும்பம் நான் ஒருத்தி, இன்னொரு பையன். மத்தவங்க மூணு பேர் ஜூலு, ஒருத்தி குஜராத்தி, ஒருத்தர் இன்னும் எந்த நிகழ்ச்சின்னு முடிவு பண்ணலை, ஆனா சவுண்டுக்கு வருவேன்னு சொல்லியிருக்கார். எல்லாருக்கும் எஃப்.எம். ஆசை. காருக்குள்ள நம்ம குரல் கேக்கணும் இல்ல?

படிவக்காரர்

நான் பத்து வருடம் ஒரு சமூக வானொலியின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். ஆசையைக் கெடுக்க எழுதவில்லை. எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரிந்து தட்டினால் நல்லது என்பதற்காக எழுதுகிறேன்.

நம் தென்னாப்பிரிக்காவில் சமூக வானொலிக்கு இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று ஒலிபரப்பு உரிமம், இன்னொன்று அலைவரிசை உரிமம். இரண்டையும் ஒலிபரப்பையும் தொலைத்தொடர்பையும் கட்டுப்படுத்தும் ஆணையமான இக்காசா தருகிறது. 2005-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டத்தின்படி சமூக வானொலியை நடத்துகிற அமைப்பு லாப நோக்கம் இல்லாததாக இருக்க வேண்டும், அந்தச் சமூகத்தினர் அதில் பங்கெடுக்க வேண்டும். பழைய உரிமம் காலாவதியான பிறகு அதே அலைவரிசை நமக்காகக் காத்திருக்காது. டர்பன் போன்ற பெரிய ஊரில் எஃப்.எம். பட்டை நெருக்கமாகக் கிடக்கிறது. படிவத்தைக் கொடுத்தவுடன் அலைவரிசை கிடைக்கும் என்று யாரும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம்.

கல்லூரி வானொலிகள் நம் நாட்டில் நன்றாகவே நடக்கின்றன. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் 89.7, பிரிட்டோரியாவில் டக்ஸ் 107.2, கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 104.5, ஸ்டெல்லன்போஷில் 92.6. அங்கெல்லாம் ஒரு நிரந்தர அமைப்பு இருக்கிறது. மாணவர்கள் மாறினாலும் கோப்பு மாறுவதில்லை. கேப்டவுன் புஷ் ரேடியோ இன்னும் பழைய உதாரணம். எண்பதுகளில் அவர்களுக்கு ஒலிபரப்ப வழி இல்லை. பேச்சுகளையும் செய்திகளையும் கேசட்டில் பதிந்து பிரதி எடுத்துக் கைமாற்றினார்கள். 1993-இல் உரிமம் இல்லாமலே ஒலிபரப்பினார்கள், அதிகாரிகள் வந்து கருவிகளை எடுத்துப் போனார்கள். 1995-இல் உரிமத்தோடு 89.5-இல் வந்தார்கள். அலைவரிசை கிடைக்கும் முன்பே அவர்களுக்குக் கேட்பவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதனால் என் யோசனை: முதலில் இணையம். அதற்கு இன்று இக்காசா உரிமம் தேவை இல்லை. ஆனால் பாட்டுப் போட்டால் சாம்ரோ, சாம்ப்ரா என்ற இரண்டு உரிமை அமைப்புகளிடமும் பேசியாக வேண்டும். முன்னது பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் பக்கம். பின்னது ஒலிப்பதிவின் உரிமை பக்கம். "மாணவர்கள்தானே" என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

சாட்ஸ்வொர்த்_பேரன்

படிவக்காரர் ஐயா சொல்றது புரியுது. ஆனா என் மனசு ஒத்துக்கலை.

எங்க ஆயாவுக்கு எண்பத்தொன்று வயசு. சமையல்கட்டு ஜன்னல்ல ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும், காலையில அடுப்புப் பத்த வைக்கும்போதே 87.7-ல நம்ம இந்தியர்களுக்கான லோட்டஸ் எஃப்.எம். ஓட ஆரம்பிச்சிடும். 1983-ல ரேடியோ லோட்டஸ்னு அது தொடங்கின நாள்லேர்ந்து கேக்கிறாங்க. டயலைத் தொட விடமாட்டாங்க, முள் நகராம இருக்க ரப்பர் பேண்ட் சுத்தி வெச்சிருக்காங்க. அவங்ககிட்டப் போய் "ஆப் இறக்குங்க, லிங்க் அழுத்துங்க"ன்னா நடக்குமா?

டேட்டா கணக்கும் போட்டுப் பாருங்க. 128 கிலோபிட் வேகத்துல ஓட்டினா ஒரு மணி நேரத்துக்கு 57.6 மெகாபைட். தினம் ஒரு மணி நேரம் கேட்டா மாசத்துக்கு 1,700 மெகாபைட்டுக்கு மேல. இந்த நாட்டுல டேட்டா என்ன விலை விக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். பென்ஷன்ல அரிசி வாங்குறவங்க அதை வாங்குவாங்களா? எஃப்.எம். இலவசம். கேக்க வேண்டியவங்களை வெளியே நிறுத்திட்டு யாருக்காக வானொலி?

ஈயப்பற்று

தம்பி கணக்கு சரி. ஆனா பேச்சுக்கு 128 வேண்டாம். 32 கிலோபிட்ல ஏஏசி ப்ளஸ்ங்கிற ஒலிச் சுருக்க முறையை வெச்சா பேச்சு தெளிவாக் கேக்கும், பாட்டும் பரவாயில்லை. மணிக்கு 14.4 மெகாபைட், தினம் ஒரு மணி நேரம்னா மாசம் 432. வைஃபை இருக்கிறவங்களுக்கு 128-ல தனி இணைப்பு. அசுராகாஸ்ட்னு ஒரு இணைய வானொலி மென்பொருள் இருக்கு, அதுல ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டலாம், அதுக்குக் காசு இல்லை.

ஆயாவுக்கு ஆப் வேண்டாம். ஞாயிறு நிகழ்ச்சியைப் பதிஞ்சு நீயே ஒரு மெமரி கார்டுல போட்டுக் கொடு. கார்டு போடுற சின்ன ரேடியோ கடையில கிடைக்குது. அதையும் ஜன்னல்ல வை.

சாட்ஸ்வொர்த்_பேரன்

சரிண்ணா, கார்டு வேலையை நான் எடுத்துக்கிறேன். எங்க தெருவுல மட்டும் ஆறு வீட்டுக்குக் கொடுப்பேன். ஆனா எஃப்.எம். கோப்பையும் ஒரு பக்கம் நகர்த்துங்க. அதை மறந்துடாதீங்க.

தமிழ்வாத்தியார்

நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். இந்த இழையைப் படித்ததும் கண் கலங்கிற்று. அதனாலேயே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் நேரம் என்று பெயர் வைத்தால் அதில் தமிழ் பேச வேண்டும்.

1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. கரும்புக் காட்டுக்கு வந்தவர்கள் மூட்டையோடு கொண்டுவந்தது இந்த மொழி ஒன்றைத்தான். இன்று வீடுகளில் என்ன மிஞ்சியிருக்கிறது? ஆயா, தாத்தா, அக்கா, அண்ணா, புரட்டாசி விரதம், காவடி, ஆடி மாதக் கூழ், அதையும் 'பாரிட்ஜ் பிரேயர்' என்கிறோம். 1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் புழங்கும் மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மதிக்கவும் வளர்க்கவும் சொல்கிறது. சட்டமே சொல்லியும் நாம் பேசாவிட்டால் யார் பேசுவது?

எனவே, மாணவர்கள் எழுதும் உரையைப் பெரியவர்கள் மூன்று பேர் முன்கூட்டியே பார்த்துத் திருத்தித் தரலாம். நான் தயார்.

மூன்றாமாண்டு

ஐயா, வணக்கம். உங்ககிட்ட மறுத்துப் பேசத் தயக்கமா இருக்கு, ஆனா சொல்லாம விட்டா அது இன்னும் தப்பு.

எனக்குத் தமிழ் புரியும். எழுதுவேன், இங்கே எழுதறதே நாலு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுறேன். பேசும்போது ழகரம் வராது. சின்ன வயசுல கோயில் மேடையில ஒரு திருவாசகம் சொல்லும்போது ஒரு மாமா எல்லார் முன்னாடியும் நிறுத்தித் திருத்தினார். அதுக்கப்புறம் ஆறு வருஷம் நான் வெளியில தமிழ்ல வாயே திறக்கலை. வீட்டுல ஆயாகூட மட்டும்தான்.

எங்க குழுவுல இருக்கிற பையனுக்கு என் அளவுகூட வராது. எழுதினதை மூணு பெரியவங்க திருத்தித்தான் படிக்கணும்னா அவன் முதல் வாரமே போயிடுவான். தப்புத் தப்பா இருந்தாலும் அவனா பேசட்டும் ஐயா. ஒரு வாக்கியம் தமிழ், ஒரு வாக்கியம் ஆங்கிலம்னாலும் பரவாயில்லை. மேசையில உக்கார்ற ஜூலு நண்பர், போன வாரம் மைக் சோதிக்க "வணக்கம் டர்பன்"னு சொன்னார். அவர் சொன்னதைத் திருத்தணும்னு எங்க யாருக்கும் தோணலை. எல்லாருக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ஜோபர்க்_சென்னைக்காரன்

நான் அங்கே படித்தவன் இல்லை. வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சர்வர் செலவு ஒரு வருடத்துக்கு என்னுடையது. புது மிக்ஸர், புது மைக், கணினி எல்லாமே வாங்கித் தரவும் நாலு நண்பர்கள் தயாராக இருக்கிறோம். பட்டியல் கொடுங்கள்.

கடற்காற்று

தம்பி, உங்க மனசுக்கு நன்றி. சர்வர் போதும், ஒரு யு.பி.எஸ். வாங்கினா கரண்ட் போற நேரத்துக்கு ஆகும். மத்ததை இப்ப வாங்க வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

நாங்க இருந்த காலத்துலயும் கருவி நல்லாத்தான் இருந்துச்சு. வானொலி படுத்ததுக்குக் காரணம் கருவி இல்லை, நாங்க. என் கடைசி வருஷத்துல ரெண்டு முதலாமாண்டுப் பிள்ளைகள் தினம் வந்து கண்ணாடிக்கு வெளியே நிப்பாங்க. "உள்ளே வாங்க"ன்னு நான் கூப்பிடலை. தப்புப் பண்ணிடுவாங்க, நேரடி நிகழ்ச்சியாச்சேன்னு பயம். தொலைபேசி அழைப்பை எப்படி மிக்ஸருக்குள்ள கொண்டுவர்றது, எந்தப் பொத்தானை முதல்ல அழுத்தணும், எல்லாம் என் தலைக்குள்ளதான் இருந்துச்சு. எழுதி வைக்கலை. கடைசித் தேர்வு அன்னைக்குச் சாவியை ஆபீஸ்ல கொடுத்துட்டு நேரா பஸ் ஏறிட்டேன். எனக்குப் பின்னாடி வந்தவங்களும் அதையேதான் செஞ்சாங்க. உரிமம் புதுப்பிக்கிற கடிதம் யார் மேசைக்கு வந்துச்சோ, அவங்களுக்கு அது என்னன்னே தெரிஞ்சிருக்காது.

வாத்தியார் ஐயா, உங்க வகுப்புல படிச்சவங்கள்ல நானும் ஒருத்தியா இருக்கலாம், உங்க எழுத்தைப் பார்த்தா அப்படித்தான் தோணுது. அதனால உரிமையோட கேக்கிறேன். அந்தப் பிள்ளைகளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டாம். நாம வெளியே நிப்போம். கை காட்டிக் கூப்பிட்டா உள்ளே போவோம்.

நான் இப்ப செய்யிறது இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, மிக்ஸரை ஆன் பண்றதுலேர்ந்து சிவப்பு விளக்கை அணைக்கிற வரைக்கும் எழுதுறேன். ஒவ்வொரு பக்கத்தையும் அந்தப் பொண்ணு படிச்சு, புரியலைன்னா அடிச்சுட்டு அவளே எழுதுறா. பதினோரு பக்கம் ஆச்சு, அதுல பாதி அவ கையெழுத்து.

பழைய_நாடா

கேசட் பற்றி யாரும் பேசவில்லையே. அவசரமான வேலை அதுதான்.

பூஞ்சணம் பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போடாதீர்கள். நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். நனைந்த பெட்டியைத் தனி அறைக்கு மாற்றுங்கள், முகக்கவசம் போட்டுத் தொடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலும் வேண்டாம். காற்றோட்டமான நிழலில் காயட்டும். மேல்மூடியில் திருகாணி இருந்தால் கழற்றி, நாடாச் சுருள்களை மட்டும் புதுக்கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று உள்ளே இருக்கும். பழைய கேசட்டில் பசை விட்டு அது விழுந்திருக்கும். விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக, அலைபாய்ந்து வரும். நாடா கெட்டுப்போனது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஓட்டும் முன் ஒரு முறை கடைசி வரை சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள். பதிவு செய்த டெக்கும் இப்போது ஓட்டும் டெக்கும் வேறு என்றால் தலையின் சாய்வு ஒத்துப்போகாது. தலைக்குப் பக்கத்தில் அந்தச் சாய்வைச் சரிசெய்யும் திருகைச் சிறிய திருப்புளியால் மயிரிழை திருப்பினால், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்த குரல் சட்டென்று எதிரில் வந்து உட்காரும். கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பாகவே வையுங்கள். எம்பி3 பிறகு எடுத்துக்கொள்ளலாம். 140 கேசட், ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்றால் 210 மணி நேரம். குறுக்கு வழி கிடையாது, ஓடி முடிய வேண்டும். நான்கு வீட்டில் பகிர்ந்தால் இந்த ஆண்டுக்குள் முடியும். ஒரு பெட்டி என் வீட்டுக்கு வரட்டும்.

இன்னொன்று. அதில் ஊர் மக்களின் பேட்டிகள் இருந்தால், அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்ப வேண்டும். அன்று கல்லூரி வானொலிக்குப் பேசியவர், உலகமே கேட்கும் இணையத்துக்குப் பேசவில்லை.

கடற்காற்று

இருக்குங்க. கூழ் ஊத்துற நாள்ல கோயில் வாசல்ல உக்கார்ந்து பதிவு பண்ணினோம். முதல் கேசட்டைப் போன ஞாயிறு உங்க முறைப்படி ஓட்டினேன். ஒரு பாட்டியம்மா தன் தாத்தாவோட கப்பல் நம்பரை மனப்பாடமா ஒவ்வொரு எண்ணாச் சொல்றாங்க. ஒப்பந்தக் கூலியா வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் கொடுத்தாங்களே, அது. நடுவுல பாத்திரம் உருள்ற சத்தம். யாரோ "கூழு ஆறுது, வாங்க"ன்னு கூப்பிடுறாங்க. "இரு, நம்பரைச் சொல்லிட்டு வரேன்"னு அந்தம்மா சொல்லி, விட்ட எண்ணிலேர்ந்து தொடர்றாங்க. மைக் பிடிச்சிருந்தது நான். அன்னைக்கு அந்த இடத்தை வெட்டணும்னு நெனச்சேன். வெட்டாம விட்டிருக்கேன். அந்தக் குடும்பத்தை டர்பன் மெரிபேங்க் பகுதியில தேடிக்கிட்டிருக்கோம்.

தமிழ்வாத்தியார்

மூன்றாமாண்டு மாணவிக்கு: உன் பதிலை இரண்டு முறை படித்தேன். மேடையில் நிறுத்தித் திருத்தியவர்களில் நானும் உண்டு, அம்மா. உன்னையல்ல, வேறு பிள்ளைகளை.

உரையை முன்கூட்டிப் பார்க்கும் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடமாவது ஆங்கிலம் கலக்காமல் பேச வேண்டும் என்ற என் கருத்தில் மட்டும் மாற்றம் இல்லை. அதை எப்படி நிரப்புவது என்பது உங்கள் பாடு. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் போன் செய்தால் எந்தச் சொல்லையும் கேட்கலாம். ழகரத்துக்கு நாக்கை எங்கே மடிப்பது என்று சொல்கிறேன். கேட்டால் மட்டும்.

மூன்றாமாண்டு

ஐயா, நன்றி. பத்து நிமிஷம் சரி. போன புதன் "கங்காணி"ங்கிற சொல்லைப் பத்திக் கேட்டு ஒரு மணி நேரம் பேசினோமே, அதுவே முதல் வாரப் பத்து நிமிஷம்.

எல்லாருக்கும்: நேத்து ஞாயிறு ஒன்பது மணிக்குச் சோதனை ஒலிபரப்பு நடந்துச்சு! முதல் அஞ்சு நிமிஷம் மைக் ஃபேடரை ஏத்த மறந்துட்டோம், யாருக்கும் ஒண்ணும் கேக்கலை. கடற்காற்று ஆன்ட்டி கண்ணாடிக்கு வெளியே நின்னு கையை மேலே மேலேன்னு காட்டினாங்க, உள்ளே வரலை. அப்புறம் வந்துடுச்சு. 9.40-க்கு கரண்ட் போச்சு, யு.பி.எஸ். தாங்கிச்சு. ஒரே நேரத்துல அதிகமாக் கேட்டது பத்தொன்பது பேர். சாட்ஸ்வொர்த் அண்ணா கார்டு எடுத்துட்டுப் போயிட்டார். அந்தப் பையன் நாலு நிமிஷம் தமிழ்லயே பேசினான். அடுத்த வாரம் ஏழு நிமிஷம் பேசுறேன்னு அவனே சொன்னான்.

நோட்டுல முப்பத்திரண்டாம் பக்கம் எழுதினேன்: "முதல்ல மைக் ஃபேடர்." முதலாமாண்டுல ரெண்டு பேர் வாசல்ல நின்னு பார்த்தாங்க, உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சோம்.

படிவக்காரர்

நல்ல செய்தி. லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்யும் படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டேன். குழுவில் மாணவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி விதியை எழுதியிருக்கிறேன். கையெழுத்துக்கு நான்கு பேரின் அடையாள அட்டைப் பிரதி வேண்டும். இங்கே போடாதீர்கள், நேரில் கொடுங்கள்.

ஈயப்பற்று

கேட்டேன்மா. இடது பக்கம் 50 ஹெர்ட்ஸ் ஹம் இன்னும் லேசா இருக்கு. கணினியும் மிக்ஸரும் வேற வேற பிளக்ல எர்த் எடுக்குது, அதனாலதான். ரெண்டையும் ஒரே பலகையில சொருகிப் பாருங்க, எர்த் கம்பியை மட்டும் யாரும் வெட்டிடாதீங்க. அப்படியும் போகலைன்னா சனிக்கிழமை பத்து மணிக்கு வரேன், தனிமைப்படுத்துற டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு மாட்டிடலாம். அந்த முதலாமாண்டுப் பிள்ளைகளையும் வரச் சொல்லு, அவங்க கையால ஈயம் பத்த வைக்கட்டும்.